சிறிய கப்பலும் பழைய துறைமுகங்களும்: ஏதென்ஸ் முதல் ஸ்ப்ளிட் வரை

கிரீஸின் கொரிந்துக் கால்வாயின் அகலம் கடல் மட்டத்தில் 24.6 மீட்டர். நாங்கள் போன கப்பல் ஏறக்குறைய 16 மீட்டர் அகலம். மீதி இடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு நாலரை மீட்டர்கூடத் தேறாது. இழுவைப் படகு ஒன்று முன்னால் கயிறு கட்டி இழுக்க, இரண்டு பக்கமும் வெளிர்மஞ்சள் பாறைச் சுவர் செங்குத்தாக உயர்ந்து நிற்க, கப்பல் நடைவேகத்தில் நகர்ந்தது. உயரமான இடத்தில் அந்தச் சுவர் 79 மீட்டர். தலைக்கு மேலே ரயில் பாலமும் சாலைப் பாலமும் கடந்துபோகின்றன. பாறை இடுக்கில் வேர் பிடித்த செடிகளின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

கால்வாயின் நீளம் 6.4 கிலோமீட்டர். இதை வெட்ட வேண்டும் என்ற ஆசை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கி.பி. 67-ல் ரோமப் பேரரசர் நீரோ தானே முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்தார். ஆறாயிரம் யூதக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். மறு ஆண்டே நீரோ இறந்துபோக, வேலை நின்றது. 1882-ல் மறுபடி தொடங்கி 1893-ல்தான் முடித்தார்கள். அதற்கு முன் கப்பலையும் சரக்கையும் நிலத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்காகக் கல் பாவிய பழைய இழுவைப் பாதையின் மிச்சம் மேற்கு வாயருகே இன்னும் இருக்கிறது. கால்வாயின் இரண்டு முனைகளிலும் உள்ள சாலைப் பாலங்கள் கப்பல் வரும்போது மேலே தூக்குவதில்லை, தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. நாங்கள் அதன் மேலேதான் கடந்துபோனோம்.

பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியாக வரும் இடங்களைக் கடல் வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. என் கணவர், என் அக்கா, நான் என மூன்று பேராக ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏறி, மொனெம்வாசியா, நாப்லியோ, கொரிந்துக் கால்வாய், இட்டெயா, கொர்ஃபு, கோட்டோர், டுப்ரோவ்னிக், கோர்ச்சுலா என்று போய், குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில் இறங்கினோம். பயணிகள் நூற்றைம்பதுக்கும் குறைவு. இந்த மாதிரிப் பயணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: விளம்பரப் புத்தகத்தில் இருக்கும் கேபின் படங்களை மூடி வைத்துவிட்டு, கால அட்டவணையைப் படியுங்கள். எந்தத் துறையில், எத்தனை மணிக்கு வந்து, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது. கரையிலேயே கட்டுகிறார்களா, நடுக்கடலில் நங்கூரமிட்டுப் படகில் கொண்டுபோய் விடுகிறார்களா. கட்டினால் பழைய நகரத்திலிருந்து எவ்வளவு தூரம். சிறிய கப்பலுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த மூன்றுக்குத்தான். பட்டு விரிப்பும் பளிங்குக் குளியலறையும் ஊரிலேயே நல்ல ஓட்டலில் கிடைக்கும்.

அட்டவணையில் ‘கொரிந்துக் கால்வாய்’ என்று போட்டிருந்தாலும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மண்சரிவால் 2021 தொடக்கத்தில் மூடிய கால்வாயை 2022 கோடையில்தான் மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகும் சீரமைப்புக்காகப் பருவம் பார்த்து மூடினார்கள். மூடியிருந்தால் கப்பல் பெலொப்பொன்னேஸ் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு துறைமுகத்தின் நேரம் அதில் கரைந்துவிடும்.

விலையைப் பற்றி. நாங்கள் விசாரித்தவற்றில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 500 யூரோவுக்குக் கீழே எதுவும் வரவில்லை. மூவாயிரம் பேர் போகும் பெரிய கப்பலோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆனால் இரண்டு விலைகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. துறைமுகக் கட்டணம், டிப்ஸ், குடிநீர், வைஃபை, கரைச் சுற்றுலா ஆகியவற்றில் எதெல்லாம் உள்ளடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். 2025 ஜூலை 1 முதல் கிரீஸ் ஒவ்வொரு துறையிலும் இறங்கும் கப்பல் பயணிக்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறது; கோடையில் சான்டோரினியிலும் மிக்கோனோசிலும் 20 யூரோ, மற்ற இடங்களில் அதைவிடக் குறைவு. தனியாகப் போகிறவர்கள் ஒற்றை ஆளுக்கான கூடுதல் தொகையைக் கேட்க வேண்டும். சில கப்பல்களில் அது இன்னொருவர் டிக்கெட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது. எங்கள் அக்காவுக்கு அந்தத் தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். கேட்டதால் குறைத்தார்கள், விளம்பரத்தில் எங்கேயும் அது இல்லை. இந்தியாவில் ஏஜென்ட் மூலம் பதிவு செய்தால் டி.சி.எஸ். என்ற வரியையும் முன்னதாகப் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியதுதான், ஆனால் பணம் கட்டும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

விசாவில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் ஷெங்கன் ஏற்பாட்டில் கிரீஸ் ஒரு நாடு. குரோஷியாவும் 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. நடுவில் கோட்டோர் இருக்கும் மாண்டினீக்ரோ ஷெங்கனில் இல்லை. கொர்ஃபுவில் கப்பல் கிளம்பும்போது நாம் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறோம். டுப்ரோவ்னிக்கில் மறுபடி நுழைகிறோம். ஒரே நுழைவுக்கான விசா இங்கே உதவாது. பலமுறை நுழைவு விசா வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறித்து, கப்பலின் முழு அட்டவணையையும் இணைக்க வேண்டும்.

எங்களோடு கோவையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர்களுடைய ஏஜென்ட் ஒற்றை நுழைவு விசா வாங்கிக் கொடுத்துவிட்டு, கவலையே வேண்டாம் என்று அனுப்பிவைத்திருக்கிறார். பிரேயஸில் கப்பலில் ஏறும் முன்பே அலுவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தடுத்துவிட்டார். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு வழி பிறந்தது: கொர்ஃபு வரை கப்பலில் வரலாம், அங்கே இறங்கி ஏதென்ஸ் வழியாக விமானத்தில் டுப்ரோவ்னிக் போய்க் காத்திருந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் ஷெங்கனை விட்டு அவர்கள் வெளியே போகவே இல்லை, ஒற்றை நுழைவு விசா செல்லும். கோட்டோரை இழந்தார்கள், விமானச் செலவும் ஓட்டல் செலவும் தலையில் விழுந்தன. இதே நிலையில் யாராவது மாட்டிக்கொண்டால் இந்த வழி நினைவில் இருக்கட்டும்.

எங்களிடம் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா இருந்ததால் மாண்டினீக்ரோவுக்கென்று தனி விசா கேட்கவில்லை. எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்றால், அதிக இரவுகள் எந்த ஷெங்கன் நாட்டிலோ அந்த நாட்டில்; சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். கப்பலில் ஏறியதும் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வது பல கப்பல்களில் வழக்கம். நகல் ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். இன்னொன்று: கரை மறைந்ததும் கைப்பேசி தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் சேர்ந்து மிகப் பெரிய பில்லைக் கொண்டுவரும். விமான முறையில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

முதல் துறை மொனெம்வாசியா. கடலுக்குள் தனியாக எழுந்து நிற்கும் ஒரு பெரும்பாறை, அதன் கடல் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு மதில் நகரம். கி.பி. 375-ல் வந்த நிலநடுக்கத்தில் இது நிலப்பகுதியிலிருந்து பிரிந்தது என்கிறார்கள். இப்போது ஒரு சிறு பாலச் சாலை இணைக்கிறது. மதிலுக்குள் வண்டிகள் போக முடியாது. சாமான்களைக் கழுதையும் தள்ளுவண்டியும் சுமக்கின்றன. இங்கே கப்பல் நங்கூரமிட்டு, கரைப் படகில்தான் இறங்கினோம். வயதானவர்களுக்கு முழுப் பயணத்திலும் கடினமான கணம் இதுதான். கப்பல் ஒரு தாளத்தில் ஆடும், படகு வேறு தாளத்தில் ஆடும். படகு மேலே எழும்பி வரும் அந்த நொடியில் காலை வைக்க வேண்டும். மாலுமி நம் கையைப் பிடிக்க மாட்டார். முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே பிடிப்பார். நாமும் அவர் கையை அதே இடத்தில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஈரத்தில் வழுக்காது. இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும், பை முதுகில்தான்.

என் அக்கா பயணம் முழுக்கப் புடவைதான் கட்டினாள். பருத்திப் புடவை, கொஞ்சம் தூக்கிக் கட்டிய கொசுவம், இடுப்பில் இறுக்கிச் செருகிய முந்தானை, காலில் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. “முந்தானை பறக்காமல் இருந்தால் போதும், நான் எங்கேயும் ஏறுவேன்” என்றாள், ஏறினாள். என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. அவருக்கு மாலுமிகள் இருவர் நின்றார்கள். முழங்கால், இடுப்பு வலி உள்ளவர்கள் அட்டவணையில் எத்தனை துறைகளில் கரைப் படகு என்று எண்ணிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். காற்று கூடினால் படகு இறக்கவே மாட்டார்கள். அந்தத் துறை ரத்து. பணமும் திரும்ப வராது. கேப்டனுக்கு அந்த உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். வெயிலும் அப்போது கொடுமை. 2023 கோடையில் வெப்ப அலை காரணமாக ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே பகல் நேரத்தில் மூடினார்கள். மே மாதமோ செப்டம்பர் பிற்பாதியோ நல்லது. நாங்கள் போனது செப்டம்பரில்.

நாப்லியோவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அழகான ஊர், ஏதென்ஸுக்கு முன்பு கிரீஸின் தலைநகரம். முதல் ஆட்சித் தலைவரான கபோதிஸ்ட்ரியாஸை 1831-ல் சுட்டுக்கொன்ற தேவாலய வாசலில் குண்டுத் தழும்பைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். பலர் பஸ் பிடித்து மைசீனையின் பழங்காலக் கோட்டைக்கும் எபிடாரஸின் பழங்கால நாடக அரங்குக்கும் ஓடினார்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். நாங்கள் எபிடாரஸ் மட்டும் போய், நிதானமாக உட்கார்ந்து, மேல் வரிசைக்கும் குரல் வந்து சேர்வதைக் கேட்டுவிட்டு வந்தோம்.

கால்வாயைக் கடந்த பிறகு இட்டெயா. இந்தப் பயணத்தில் அட்டவணையின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்த இடம். கப்பல் முந்தின நாள் இரவே வந்து கரையில் கட்டிவிட்டது. அப்போலோ கோயிலில் குறி சொன்ன பழங்கால ஊரான டெல்ஃபி அங்கிருந்து மலையேறிப் போகும் சாலையில் அரை மணி நேரம். ஏதென்ஸிலிருந்து வரும் சுற்றுலாப் பஸ்கள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடி, பத்தரை, பதினொன்றுக்குத்தான் வந்து சேரும். நாங்கள் காலை எட்டு மணிக்கு, வாசல் திறந்ததும் உள்ளே இருந்தோம். அப்போலோ கோயிலுக்கு வளைந்து ஏறும் புனிதப் பாதையில் எங்கள் குழுவைத் தவிர நாலைந்து பேர்தான். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒலிவ மரங்கள், அதற்கப்பால் நாங்கள் வந்த கடல்.

பழங்காலத்தில் தெற்கிலிருந்தும் சிசிலியிலிருந்தும் குறி கேட்க வந்தவர்களும் இந்தக் கடற்கரையில்தான் இறங்கி ஏறிப் போனார்கள். இட்டெயாவை ஒட்டியிருக்கும் கிர்ரா அன்றைய துறை. அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலத் தேரோட்டி சிலை சிசிலியின் கேலா நகரை ஆண்டவர் கி.மு. 470-களில், தேர்ப் பந்தயத்தில் வென்றதற்காகக் கொடுத்த காணிக்கை. கண்ணில் பதித்த கல்லும், செம்பில் செய்த இமை மயிரும்கூட அப்படியே இருக்கின்றன. கடல் தாண்டி வந்த காணிக்கையைக் கடல் வழியாகவே வந்து பார்ப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது. அருங்காட்சியகத்தைக் கடைசியில் வையுங்கள். வெயிலேறும் முன் மலையை முடித்துவிட வேண்டும், சிலை நிழலில்தானே நிற்கிறது.

சாப்பாடு பற்றிச் சைவர்கள் கேட்பார்கள். நாங்கள் மூவரும் சைவம், முட்டையும் இல்லை. பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுத்தோம். கப்பலில் ஏறிய அன்றே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் நேரில் சொன்னோம். சிறிய கப்பலின் நன்மை இங்கே தெரிகிறது: முந்தின இரவே மறுநாள் பட்டியலைக் கொண்டுவந்து காட்டி, எதை எப்படி மாற்றலாம் என்று கேட்டார்கள். சைவம் என்றால் மீன் பரவாயில்லை என்று ஐரோப்பாவில் பலர் நினைப்பதால், மீன் குழம்பில் வேகவைத்த காய் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரையில் கிரேக்க உணவகங்களில் ‘நிஸ்தீசிமோ’ என்று கேளுங்கள். நோன்புக் காலத்துக்கான இறைச்சி, முட்டை, பால் இல்லாத சமையல் அது. நத்தை, கணவாய், இறால் அதில் சேரும் என்பதால் அவை வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்த யிகாந்தெஸ், அரிசி அடைத்த தக்காளி, கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் எண்ணெயில் வதங்கிய பிரியாம் எல்லாம் நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துவரும். குரோஷியாக் கரையில் பிளித்வா என்ற கீரையும் உருளைக்கிழங்கும், கீரை வைத்துச் சுட்ட சோபார்னிக் என்ற ரொட்டியும் எங்களைக் காப்பாற்றின.

கொர்ஃபுவில் நேரம் குறைவு. வெனிஸ்காரர்கள் நானூறு ஆண்டுகள் வைத்திருந்த கோட்டை நகரம். நடுவில் இருக்கும் ஸ்பியனாதா திடலில் பிரிட்டிஷ் படையினர் 1823-ல் ஆடிய கிரிக்கெட் இன்றும் தொடர்கிறது. கிரீஸில் கிரிக்கெட் மட்டையைப் பார்ப்பேன் என்று என் கணவர் எதிர்பார்க்கவில்லை. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அந்தத் திடலோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொர்ஃபுவைத் தாண்டியதும் திறந்த கடல். அன்றிரவு கப்பல் ஆடியது. சிறிய கப்பல் பெரியதைவிட அதிகம் ஆடும் என்பதை விற்பவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள். கேபின் வாங்கும்போது நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் வாங்குங்கள். ஆட்டம் அங்கே குறைவு, விலையும் குறைவு. உச்சித் தளத்து பால்கனி அறைக்கு ஆசைப்பட்டவர்கள் அன்றிரவு சிரமப்பட்டார்கள். குமட்டல் மாத்திரையை வயிறு புரளத் தொடங்கும் முன்பே போட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ கண் அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் எந்த மாத்திரை என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கோட்டோர் அட்டவணையில் ‘காலை 8 மணி’ என்று இருந்தது. எட்டு மணிக்கு எழுந்தால் பாதியை இழந்துவிடுவீர்கள். கடலிலிருந்து உள்ளே மடிந்து மடிந்து போகும் அந்த விரிகுடாவுக்குள் கப்பல் நுழைவது அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே. முந்தின நாள் மாலை பணியாளரிடம் கேட்டு, ஆறரைக்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன் டெக்கில் நின்றோம். வெரிகே என்ற ஜலசந்தி வருகிறது. இரண்டு கரைக்கும் நடுவே 340 மீட்டர்தான். அதைத் தாண்டியதும் மலைகள் சட்டென்று விலகி, நேர் எதிரே பெராஸ்ட் ஊரும் அதன் முன்னால் தண்ணீரில் இரண்டு சிறு தீவுகளும். அவற்றில் ஒன்று இயற்கைத் தீவு. மற்றொன்றை மனிதர்கள் கட்டினார்கள். 1452-ல் இங்கே ஒரு பாறையில் மாதா படம் கிடைத்ததாக நம்பிக்கை. அன்றிலிருந்து கடலோடிகள் ஒவ்வொரு பயணத்திலிருந்து பத்திரமாகத் திரும்பியதும் ஒரு கல்லைப் போட்டும், பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி மூழ்கடித்தும் தீவையே உண்டாக்கினார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 மாலை படகுகள் வரிசையாகப் போய்க் கல்லிடுகின்றன.

தீவின் தேவாலயத்துக்குள் சுவரெங்கும் வெள்ளித் தகடுகள், சுமார் 2,500. புயலில் சிக்கிய பாய்மரக் கப்பல், அதன் மேலே மேகத்தில் மாதா. உயிரோடு திரும்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்டு செலுத்தியவை. வேளாங்கண்ணியில் போர்த்துகீசிய மாலுமிகள் புயலில் தப்பிக் கோயில் எழுப்பிய கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு எந்த வழிகாட்டியும் தேவைப்படவில்லை. அங்கே ஒரு பின்னல் வேலையும் இருக்கிறது. யாட்சின்டா என்ற பெராஸ்ட் பெண் கடலுக்குப் போனவன் திரும்பி வரக் காத்திருந்து 25 ஆண்டுகள் தைத்தது. பொன்னிழை, வெள்ளியிழையோடு தன் தலைமயிரையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள். அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் இந்தத் தீவுக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் நாங்கள் கோட்டோரில் இறங்கி, பெராஸ்டுக்கு டாக்சியும் அங்கிருந்து தீவுக்குப் படகும் தனியாகப் பிடித்துப் போனோம். இங்கேயும் யூரோதான் புழக்கம், ஆகவே மூன்று நாடுகளுக்கும் ஒரே பணம் போதும். சில்லறைக் காசுகள் நிறைய வைத்திருங்கள், கழிவறைக்கும் படகுக்கும் அதுதான் ஓடும்.

கோட்டோர் நகரின் பின்னால் மலை மேல் ஏறும் மதிலுக்கு 1,350 படிகள். காலையிலேயே ஏறுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் உள்ள சிறு தேவாலயம் வரை போனாலே விரிகுடாவின் முழு வடிவமும் தெரிந்துவிடும். நான் அதோடு திரும்பிவிட்டேன்.

டுப்ரோவ்னிக்கில் பெரிய கப்பல்கள் குரூஷ் துறைமுகத்தில் நிற்கின்றன. பழைய நகரத்துக்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் போல. எங்கள் கப்பல் பழைய துறையின் எதிரே நங்கூரமிட்டு, படகு நேராக மதிலின் காலடியில் விட்டது. 1,940 மீட்டர் மதில் நடையை எட்டு மணிக்குத் திறந்ததும் தொடங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நகரின் முதன்மைத் தெருக் கற்கள் தேய்ந்து கண்ணாடிபோல் வழுக்குகின்றன. மதிலுக்கு வெளியே கிழக்கு வாசலருகே நோய் பரவாமலிருக்க வெளியூரிலிருந்து வருபவர்களை ஒதுக்கிவைத்த லாசரெட்டி என்ற நீண்ட கட்டடங்களைப் பலர் கவனிப்பதே இல்லை. கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட முதல் நகரம் இது, 1377-ல். கொரோனாவைப் பார்த்துவிட்ட நமக்கு அந்தக் கட்டடம் சும்மா கடந்துபோகும் இடமாக இருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது கோர்ச்சுலா. பெரிய கப்பல்கள் நுழைய முடியாத அளவுக்குச் சிறிய துறை. எங்களைக் கொண்டுவந்து நகரத்தின் மதிலோரத்திலேயே கட்டினார்கள். படிப்பாலத்திலிருந்து நாற்பது, ஐம்பது அடியில் நகர வாசல். மீன் எலும்பைப் போல் நடுவே ஒரு தெரு, இரண்டு பக்கமும் கிளைத் தெருக்கள். மேற்குப் பக்கத் தெருக்கள் நேராக ஓடுகின்றன, கோடையின் இதமான மாயெஸ்திரால் காற்று உள்ளே வருவதற்காக. கிழக்குப் பக்கத் தெருக்களை வளைத்துவிட்டார்கள், குளிர்காலத்தின் பூரா காற்று நேராகப் பாய்ந்துவிடாமல் தடுக்க. இடைக்காலத்தில் போட்ட திட்டம் இன்றும் வேலை செய்கிறது. மத்தியானம் மேற்குத் தெருமுனையில் நின்றால் முகத்தில் காற்று படும். கிழக்கே நாலடி போனால் நின்றுவிடும். நான் இரண்டு மூன்று தடவை மாறி மாறி நடந்து பார்த்தேன்.

ஊரெங்கும் மார்க்கோ போலோ பெயர்தான். அவர் பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உறுதியானது வேறு. 1298-ல் வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் இந்தத் தீவுக்கு எதிரே கடற்போர் நடந்தது, வெனிஸ் தோற்றது. மார்க்கோ போலோ அந்தப் போரில்தான் பிடிபட்டார் என்பது நெடுங்கால மரபு. ஜெனோவாச் சிறையில் உடனிருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோவிடம் அவர் தன் பயணங்களைச் சொல்லி எழுதவைத்தார். தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகமும், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அங்கே குதிரை கொண்டுவந்த கப்பல்களும், பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் அந்தச் சிறையில் சொன்ன கதைகளில் அடக்கம். காயலை நான் வகுப்பில் பல வருடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கதையின் இன்னொரு முனை இந்தக் கடலில் கிடக்கிறது என்பதைக் கோர்ச்சுலா மதிலில் நின்றபோது மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இரவு பத்து மணிக்குத்தான் கப்பல் கிளம்பியது. பகல் நேரப் படகுப் பயணிகள் எல்லோரும் போன பிறகு, ஊர்க்காரர்கள் வெளியே வந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் அங்கே இருந்தோம். அட்டவணையில் ‘புறப்பாடு 22.00’ என்று பார்த்தால் அந்தக் கப்பலை இரண்டாம் தடவை யோசிக்காமல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ளிட்டில் பயணம் முடிகிறது. காலை ஒன்பதுக்குள் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அன்றைக்கே விமானம் போடாதீர்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-ல் பதவியைத் துறந்து வந்து வாழ்ந்த அரண்மனைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்களைக் கொடுமையாகத் துன்புறுத்திய அவருடைய கல்லறை மண்டபம்தான் இன்றைய கதீட்ரல்; அது சுமக்கும் பெயரோ அவர் காலத்தில் கொல்லப்பட்ட பிஷப் தோம்னியுஸின் பெயர். எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ் முற்றத்தில் படுத்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்க அரண்மனைச் சுவருக்குள்ளேயே ஒரு சிறு விடுதியில் தங்கினோம். பெட்டியைக் கல் தெருவில் உருட்ட முடியாது என்பதால் கனமில்லாத பெட்டியாக இருக்க வேண்டும், மாடிக்கு லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள்.

சென்னையிலிருந்து ஏதென்ஸுக்கும், ஸ்ப்ளிட்டிலிருந்து சென்னைக்கும் என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டுக்கொள்ளலாம். திரும்ப ஏதென்ஸ் போக வேண்டியதில்லை. ஏறும் ஊருக்கும் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஸ்ப்ளிட் விமான நிலையம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், ட்ரோகிர் ஊருக்குப் பக்கத்தில். விமானம் மாலையில் என்றால் டாக்சிக்காரரிடம் பேசி, விமான நிலையத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய் ட்ரோகிரில் இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். ராதொவான் என்ற சிற்பி 1240-ல் செதுக்கித் தன் பெயரைப் பொறித்த கதீட்ரல் வாசல் அங்கே இருக்கிறது. ஆதாமும் ஏவாளும் சிங்கங்களின் மேல் நிற்கிறார்கள், மாதங்களின் வேலைகள் தூண்களில் ஓடுகின்றன. எந்தக் கப்பல் விளம்பரத்திலும் அதைப் பற்றி ஒரு வரி நான் பார்க்கவில்லை.